தாத்தா கடிகாரம்: ஒரு பாட்டு வைத்த பெயர்

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஆளுயரத்துக்கு மேலாக நிற்கும் மரப்பெட்டிக் கடிகாரத்தை இன்று உலகம் 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்கிறது. அந்தக் கடிகாரங்களைச் செய்த பெருங்கலைஞர்களின் காதில் இந்தப் பெயர் விழுந்ததே இல்லை. லண்டனின் தாமஸ் டாம்பியன் 1713இல் இறந்து நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது பிறந்தது.

முதலில் 'கிளாக்'. இடைக்கால லத்தீனில் 'கிளோக்கா' என்றால் மணி. பிரெஞ்சு 'குளோஷ்', ஜெர்மன் 'குளோக்க' எல்லாம் அதற்கு உறவு. தொடக்ககாலத்துக் கோபுரக் கடிகாரங்களில் முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடிப்பதே அவற்றின் வேலை. 1386ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சாலிஸ்பரி பேராலயக் கடிகாரம் அப்படிப்பட்டதுதான். "மணி என்ன?" என்று நேரம் கேட்கும் நமக்கும், கடிகாரத்தையே மணிக்கூடு என்னும் யாழ்ப்பாணத்தாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மணி அடிக்காததைக் 'கிளாக்' என்று அழைக்க மறுக்கும் கடிகார வல்லுநர்கள் இன்றும் உண்டு; அவர்களுக்கு அது வெறும் 'டைம்பீஸ்'.

வல்லுநர்கள் இந்த நெட்டைக் கடிகாரத்தைச் சொல்வது 'லாங்கேஸ்' என்று. நீண்ட பெட்டி. அந்த நீளம் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. 1656இல் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கடிகாரத்துக்குப் பெண்டுலத்தைத் தந்தார். பழைய இயக்கமுறையில் அது மிக அகலமாக வீச வேண்டியிருந்ததால் குட்டைப் பெண்டுலமே பொருந்தியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நங்கூர வடிவிலான ஓர் உறுப்பு வந்தது. பெண்டுலத்தின் ஒவ்வொரு வீச்சுக்கும் அது பற்சக்கரத்தைக் கொஞ்சமாக நகரவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டவர் ராபர்ட் ஹூக்கா வில்லியம் கிளெமென்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதன் பிறகு நாலைந்து பாகை வீச்சே போதும் என்றானது. ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் சுமார் 99.4 செ.மீ. அது ஆடவும், எடைக்குண்டுகள் எட்டு நாளைக்கு மெல்ல இறங்கவும் இடம் வேண்டும். ஒடுக்கமாகவும் உயரமாகவும் பெட்டி அமைந்தது இதனால்தான்.

அந்தக் காலத்து மக்களுக்கு உயரம் பெரிதில்லை. எத்தனை நாள் ஓடும் என்பதே பேச்சு. 'எட்டுநாள் கடிகாரம்' வசதியின் அடையாளம். அதன் முகப்பில் சாவி கொடுக்க இரண்டு துளைகள் இருக்கும்: வலப்பக்கத்தது ஓட்டத்துக்கு, இடப்பக்கத்தது மணிக்கு. மலிவான முப்பது மணி நேரக் கடிகாரத்துக்குச் சாவி கிடையாது. கதவைத் திறந்து தினமும் சங்கிலியையோ கயிற்றையோ இழுத்துவிட வேண்டும். சில முப்பது மணிக் கடிகாரங்களின் முகப்பிலும் அதே இடங்களில் இரண்டு துளை வளையங்களைக் காணலாம். அவை வெறும் ஒப்பனை. உள்ளே சாவி திருக ஒன்றுமில்லை. விருந்தாளியின் கண்ணுக்கு எட்டுநாள் கடிகாரமாகத் தெரிந்தால் போதும்.

ஓர் ஆதங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முகப்பில் கடிகாரக்காரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஓக், வால்நட், மஹாகனி என்று மரத்தை இழைத்துப் பெட்டி செய்த தச்சரின் பெயர் பெரும்பாலும் எங்குமே இராது. 'லாங்கேஸ்' என்ற சொல்லாவது அவருடைய வேலையைச் சொல்கிறதே என்பதால் எனக்கு அதன்மேல் பிரியம்.

1876இல் அமெரிக்கப் பாடலாசிரியர் ஹென்றி கிளே வொர்க் 'மை கிராண்ட்ஃபாதர்ஸ் கிளாக்' பாட்டை வெளியிட்டார். தாத்தா பிறந்த அன்று வாங்கிய கடிகாரம் அவர் ஆயுள் முழுக்க ஓடி, அவர் இறந்ததும் நின்றுபோகும் கதை அது. வடக்கு இங்கிலாந்தில், டீஸ் ஆற்றங்கரைப் பியர்ஸ்பிரிட்ஜ் ஊரிலுள்ள ஜார்ஜ் விடுதியின் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டுத்தான் அவர் இதை எழுதினார் என்பது அவ்வூர்க் கதை. பாட்டு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவியது.

பாட்டில் இருந்தது தாத்தா'வின்' கடிகாரம். உறவு உடைமைக்காரருக்கு உரியது. பேச்சில் புழங்கப் புழங்க அந்த வேற்றுமை உருபு தேய்ந்தது. 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்றானதும் கடிகாரமே தாத்தாவாகிவிட்டது. தாத்தா வந்தால் குடும்பமும் வரும் அல்லவா? கொஞ்சம் குள்ளமானதற்குக் 'கிராண்ட்மதர்', அதைவிடக் குள்ளமானதற்குக் 'கிராண்ட்டாட்டர்' என்று கடைக்காரர்கள் பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்கள்.