படத்துக்குக் கீழே ஒரு ரெசிபி

இன்னிக்குக் கதை ஒரு நீலத் திரவத்தைப் பற்றியது.

புரதத்தை ஆராயும் எந்த லேபுக்குப் போனாலும் அது ஒரு சின்ன ட்யூபில் இருக்கும். மூடியைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம். உடைச்செடுத்த செல்லை அதோட கலந்து, சூடாக்கி, ஜெல்லில் ஏத்துவாங்க. பேரு லேம்லி பஃபர். எம்.எஸ்சி. படிச்சப்போ ரெண்டு வருஷம் இதைக் கலக்கியிருக்கேன். லேம்லி ஒரு மனுஷன்னே எனக்குத் தெரியாது, ஏதோ பிராண்டுன்னு நெனச்சேன்.

உல்ரிச் லேம்லி சுவிட்சர்லாந்துக்காரர். கேம்பிரிட்ஜில், எம்.ஆர்.சி. மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்தார். அவருடைய கேள்வி வேற: டி4 என்கிற வைரஸ், பாக்டீரியாவுக்குள்ள தன் தலையை எப்படிக் கட்டுது?

அதுக்கு வைரஸின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரிச்சுப் பார்க்கணும். ஜெல்லில் மின்சாரம் செலுத்தினா புரதம் நகரும். ஆனா ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு விதமா மடிஞ்சிருக்கும், மின்னூட்டமும் வேற வேற. எது பெரிசு, எது சின்னதுன்னு சொல்ல முடியாது. 1967-இலேயே ஷபிரோ, வின்யுவேலா, மைசல் மூவரும் எஸ்டிஎஸ் சேர்த்தா அளவுப்படி பிரியும்னு காட்டியிருந்தாங்க. எஸ்டிஎஸ் வேற ஒண்ணுமில்ல, டூத்பேஸ்ட்டில் நுரை வரவைக்கிற அதே சமாச்சாரம். 1964-இல் ஆர்ன்ஸ்டீனும் டேவிஸும், சாம்பிளை முதலில் மெல்லிய கோடாக நெருக்கிட்டு அப்புறம் பிரிக்கிற முறையைக் கொடுத்திருந்தாங்க. லேம்லி இரண்டையும் சேர்த்தார்.

அவருடைய சாம்பிளில் 2 சதவீதம் எஸ்டிஎஸ்: எல்லாப் புரதத்தையும் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டத்தால் போர்த்திடும். 5 சதவீதம் மெர்காப்டோஎத்தனால்: கந்தகப் பிணைப்புகளை அறுக்கும், அந்த நாத்தம் இதோடதுதான். 10 சதவீதம் கிளிசரால்: சாம்பிள் மிதக்காம குழிக்குள்ள இறங்க. துளியூண்டு புரோமோஃபீனால் நீலம்: எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு கண்ணுக்குத் தெரிய. பிறகு கொதிக்கிற தண்ணியில ஒன்றரை நிமிஷம்.

பாக்டீரியாவுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து, நேரம் விட்டு நேரம் சாம்பிள் எடுத்துப் பார்த்தார். ஒரு பட்டை மங்க மங்க, கீழே அதைவிடச் சின்னதாக இன்னொன்று தெளிஞ்சது. தலை கட்டப்படும்போதே அதன் முக்கியமான நான்கு புரதங்கள் வெட்டப்படுகின்றன! புரதம் முழுசா அவிழாம இருந்திருந்தா இது கண்ணில் பட்டிருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

1970 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு வைரஸ் தலையைப் பத்தியது. முறை எங்க இருக்கு தெரியுமா? ஒரு படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில். அந்தப் பொடி எழுத்துக்காகவே 2014-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட, அதிகமா மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் பட்டியலில் அதுக்கு இரண்டாமிடம், 2 லட்சத்துக்கு மேல். முதலிடம் புரதத்தை அளக்கிற முறை பற்றிய லௌரியின் 1951 கட்டுரைக்கு. டி4 தலையை யாரு ஞாபகம் வெச்சிருக்காங்க?

நானும் படிக்காமத்தான் மேற்கோள் காட்டினேன். எங்க லேப் நோட்டில் ‘95 டிகிரி, 5 நிமிஷம்’னு இருந்தது, அப்படியே செஞ்சேன். என்னோடது செல் சவ்வில் இருக்கிற புரதம். மூணு மாசம் அது குழி வாசலைத் தாண்டவே இல்ல. இந்த வகைப் புரதங்கள் பல, கொதிக்க வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம்தான் கட்டுரையைத் தேடிப் படிச்சேன். லேம்லி ஒன்றரை நிமிஷம் சொன்னது அவரோட வைரஸுக்கு. 37 டிகிரியில் அரை மணி நேரம் வெச்சுப் பார்த்தேன். அன்னிக்குச் சாயங்காலம் பட்டை கீழே இறங்கியிருந்தது.