மிகுதி உணர்த்தும் உரிச்சொற்கள்: தொல்காப்பியத்திலிருந்து நன்னூல் வரை

ஆங்கிலத்தில் 'ஃபார்லார்ன்' என்னும் பெயரடையின் முன்னொட்டு ஒருகாலத்தில் மிகுதிப்பொருள் தந்தது. இன்று அச்சொல்லை ஆள்வோர் அம்முன்னொட்டைத் தனியே உணர்வதில்லை. தமிழில் இதற்கு இணையான பணியைச் செய்தவை உறு, தவ, நனி முதலிய உரிச்சொற்கள். இவற்றின் வரலாறு, வழக்கருகிய சொற்களை இலக்கணம் கையாண்ட முறையையும் காட்டுகிறது.

வெளிப்படையான சொற்களுக்குப் பொருள் கூறவேண்டுவதில்லை என்பது தொல்காப்பிய உரியியலின் கொள்கை. எனவே அங்குப் பொருள் உரைக்கப்பட்டவை பயிலாச் சொற்களே. உறு, தவ, நனி என்னும் மூன்றையும் தொல்காப்பியர் மிகுதிப்பொருளில் அடக்குகிறார். கூர்ப்பு, கழிவு ஆகிய இரண்டையும் அவற்றோடு சேர்க்காமல், உள்ளது சிறத்தல் என வேறு நூற்பாவில் வைக்கிறார். உறுபசி என்பதில் பசியின் மிகுதி சுட்டப்படுகிறது. சேனாவரையர் காட்டும் கழிகண்ணோட்டம் என்பதிலோ முன்பே அமைந்த ஒரு பண்பு மேலும் சிறக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளின்படி நன்னூல் இயற்றிய பவணந்தியார் இவ்வேறுபாட்டைக் கைவிட்டார். சால என்பதையும் சேர்த்து, ஆறு சொற்களையும் மிகல் என்னும் ஒரே பொருளில் தொகுத்தார். உரிச்சொற்கள் செய்யுளுக்கு உரியவை என்றும் வரையறுத்தார். தொல்காப்பியர் பயிலாமை நோக்கிப் பொருள் உரைத்த சொற்கள், பவணந்தியாரிடம் செய்யுள்மொழியின் அடையாளமாயின.

இன்றைய உரைநடையில் இவை பெரும்பாலும் தொடர்களில் உறைந்தே வாழ்கின்றன. உறுதுணை, கழிபேருவகை, சாலச் சிறந்த என்பன பயில்கின்றன. தவ என்பதோ ஏறத்தாழ மறைந்தது. தவப்புதல்வன் என்பதில் உள்ளது தவம் என்னும் பெயர்ச்சொல்லே, உரிச்சொல் அன்று. ஒலியொப்புமை இம்மயக்கத்துக்கு இடந்தருகிறது.

நன்னூலின் தொகுப்பு கற்போர்க்கு எளிது, நினைவில் நிற்பது. ஆனால் அதனை மட்டுமே கொண்டு சங்கச் செய்யுளை அணுகும்போது, அளவின் மிகுதியும் பண்பின் சிறப்பும் ஒன்றாகிவிடுகின்றன. கூர், கழி வரும் இடங்களுக்கு 'மிக்க' என்று மட்டும் உரை கூறுவது தொல்காப்பியர் கண்ட நுட்பத்தை இழப்பதாகும். பழம்பாடல்களுக்குப் பொருள்காண்போர் நன்னூலுடன் உரியியலையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.