கோபுரம் வேண்டாத வழி

ஏ9 வீதியில் மாங்குளம் கழிந்து கிளிநொச்சிப் பக்கம் வருகிறவர்களுக்குக் கொக்காவில் கோபுரம் தெரியாமல் இராது. 2011 யூனில் திறந்தது; உயரம் 174 மீற்றர். அதற்கு முன்னம் அங்கே நின்ற, அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் கோபுரம் 1990 யூலையில் இராணுவ முகாமோடு சேர்ந்து அழிந்துபோனது. தரையில் நடுகிற எதற்கும் இந்த விதி உண்டு. கோபுரமே வேண்டாம் என்று 1945இலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். பிறகு அவரே வந்து கொழும்பில் குடியேறினார்.

ஆர்தர் சி. கிளார்க் அந்த நாளில் பிரித்தானிய விமானப்படையில் ராடர் வேலை பார்த்தவர். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுழலும், கீழே நிற்பவருக்கு அசையாமல் தொங்குவதுபோலத் தெரியும் என்று ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையின் 1945 ஒக்டோபர் இதழில் எழுதினார். அப்படி மூன்று இருந்தால் ஏறக்குறைய உலகம் முழுக்க அலை விழும். கட்டுரைக்குக் கிடைத்த கூலி 15 பவுண். காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் கைநழுவிப்போன கோடிகளைப் பற்றிப் பிறகு பகிடியாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கும் கூலி வாங்கியிருப்பார்!

இருபது வருஷத்துக்குள் அந்த எண்ணம் வானத்துக்குப் போய்விட்டது. 1964 தோக்கியோ ஒலிம்பிக் செய்மதி வழியாக அமெரிக்காவுக்குப் போனது. 1975இல் அது எழுதியவரின் வீட்டுக் கூரைக்கே வந்தது. இந்தியா அந்த ஆண்டு ஏ.டி.எஸ்.-6 செய்மதியை வைத்து 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பார்த்தது. கிராமங்களில் கோழிக்கூட்டு வலையால் செய்த டிஷ். கிளார்க்குக்கும் ஒன்றை இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. அது 1979இல்தான் வந்தது.

இதே செய்மதி வழியால்தான் பிறகு அவருடைய சினிமாவும் போனது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு நாவலையும் திரைக்கதையையும் கிளார்க்கும் ஸ்ரான்லி குப்ரிக்கும் பக்கத்துப் பக்கமாக வைத்து எழுதினார்கள். நாவலில் கப்பல் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி எடுக்க முடியாமல் 1968இல் வந்த படத்தில் வியாழனோடு நிறுத்தினார்கள். 1982இல் தொடர்ச்சி நாவலான ‘2010’ஐ எழுதியபோது கிளார்க் தன் சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனைப் பிடித்துக்கொண்டார். தன் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சினிமாக்காரரைத் திட்டும் எழுத்தாளர் எத்தனையோ பேர். படம் சொன்னதற்கு இணங்கித் தன் புத்தகத்தைத் திருத்தியவர் இவர்.

அந்த நாவல் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரேயொரு டிஸ்கெட்டில் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க தரை நிலையம் ஊடாகச் செய்மதியில் ஏறின. ‘2010’ஐப் படமாக்கிய பீற்றர் ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு, 1983இலிருந்து திரைக்கதையைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். ஏறத்தாழ 13 மணித்தியால வித்தியாசம். ஒருவர் தூங்க மற்றவருடைய கடிதம் வந்து கிடக்கும். மின்னஞ்சல் என்ற சொல்லே பலர் கேள்விப்படாத காலம். அதே 1983இல்தான் இனக்கலவரத்துக்குத் தப்பிய மலையகச் சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்தது.

அந்தச் சனம் குடியேறிய வன்னியில், யுத்தத்தால், 1990க்குப் பிறகு நெடுங்காலம் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட காலம். ஆறுதலாகச் சுற்றினால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். செய்தி முடியும்மட்டும் கை மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். படம் பார்ப்பதென்றால் டெக், டி.வி., ஜெனறேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம். மண்ணெண்ணெய் முடிந்தால் மூன்றாவது படத்தின் முடிவைப் பிறகு யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘2001’ அந்தக் கசெற் கட்டுக்குள் வந்திருக்காது. வந்திருந்தால், தொடக்கத்தில் ஏறக்குறைய அரை மணித்தியாலம் ஒரு வசனமும் இல்லாததற்கு டெக்காரனுக்கு அடி விழுந்திருக்கும்.

2007 டிசம்பரில், 90 வயதில், கிளார்க் மூன்று ஆசைகளைச் சொன்னார்: வேற்றுலக உயிர் பற்றிய சான்று, எண்ணெயை விட்டு வேறு எரிபொருள், இலங்கையில் நிலையான சமாதானம். அடுத்த மாதம் அரசாங்கம் யுத்தநிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2008 மார்ச் 19இல் அவர் கொழும்பில் இறந்தார். அதற்கு மூன்று கிழமைக்கு முன்னம், பெப்ரவரி 27இல், தமிழில் விஞ்ஞானக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோன சுஜாதா சென்னையில் இறந்திருந்தார். வன்னியில் அப்போது சனம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது.

யுத்தம் முடிந்து மீள்குடியேறிய சனத்தின் தகரக் கொட்டில்களில் சுவர் எழும்ப முன்னமே டிஷ் ஏறியது. கிளிநொச்சியில் அதைப் பூட்டுகிற பொடியனுக்கு வேலை லேசு. பூமத்திய ரேகை கிட்ட என்பதால் செய்மதி ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். தென்னை ஓலை ஒன்றை வெட்டினால் போதும். லண்டனில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அங்கத்தைய செய்மதி தெற்கு வானத்தில் தாழ்வாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கூரை மறைத்தால் கோபுரம் மாதிரிக் குழாய் நட்டு டிஷ்ஷை உயர்த்த வேண்டும்.