ஊட்டியில் பிறந்தவரும் கவென்ட்ரியின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும்

ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது ஊட்டியில், 1955 மே மாதம். அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார். தென்னிந்தியாவில் சில வருடங்கள் ஊழியம் செய்தவர். பையனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதனால் ‘நம்ம ஊர்க்காரர்’ என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரித் தகவல் கண்ணில் பட்டதால்தான் நான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, விஷயம் ஓர் ஆளை விட்டு ஓர் ஊருக்குப் போய்விட்டது.

அந்த ஊர் கவென்ட்ரி. இங்கிலாந்தின் நடுப்பகுதியான வெஸ்ட் மிட்லண்ட்ஸில், பர்மிங்காமுக்குக் கிழக்கே ஒரு தொழில் நகரம். லிவர்பூல் என்றால் பீட்டில்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். கவென்ட்ரி என்றால்? 1979 முதல் 1981 வரை, சரியாகச் சொன்னால் இரண்டே வருடம், இங்கிலாந்தின் பாப் இசை இந்த ஊரைச் சுற்றித்தான் ஓடியது. அதற்குப் பெயர் ‘டூ டோன்’. இரு நிறம்.

கார் செய்த ஊர்

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரியின் நடுப்பகுதியைக் குண்டு போட்டு அழித்தன. பழைய கதீட்ரல் அன்றைக்கு எரிந்து, சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. போருக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஜாகுவார், ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப், ஹில்மன் என்று கார் கம்பெனிகள். கூடவே டிராக்டர், மெஷின் டூல்ஸ். ஆள் பற்றாக்குறை, நல்ல சம்பளம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கரீபியத் தீவுகள், பஞ்சாப் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.

சம்பளம் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் இருக்கும். ஊர் நடுவே லொகார்னோ என்ற பெரிய நடன அரங்கம். பின்னாளில் அதன் பெயர் டிஃபனீஸ் ஆனது. ஹோலிஹெட் ரோட்டில் ஓர் இளைஞர் மையம். அங்கே கரீபியக் குடும்பத்துப் பையன்கள் தாங்களே ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி ரெக்கே ரெக்கார்டு போடுவார்கள். அந்த மாதிரி ஒரு ‘சவுண்ட் சிஸ்டம்’ நடத்தியவர்களில் ஒருவர் நெவில் ஸ்டேப்பிள். ஜமைக்காவில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்து வந்தவர்.

1970களின் நடுவில் இந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்தது. கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரசாங்கத்திடம் கையேந்தின. 1980இல் கேன்லியில் டிரையம்ஃப் காரின் அசெம்பிளி லைன் நின்றது. வேலை குறையும்போது ‘இதுக்கெல்லாம் யார் காரணம்?’ என்ற கேள்வி வருமே, அதற்கும் அந்த வட்டாரத்தில் பதில் தயாராக இருந்தது. குடியேறிகளுக்கு எதிரான ஈனக் பவலின் பேர்போன பேச்சு 1968இல் பர்மிங்காமில்தான் நடந்தது. அவருடைய தொகுதி பக்கத்து ஊரான வுல்வர்ஹாம்ப்டன். 1976 ஆகஸ்டில் அதே பர்மிங்காமில், மேடையிலிருந்தபடியே எரிக் கிளாப்டன் பவலை ஆதரித்துப் பேசினார். பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்து ரெண்டு வருடம்தான் ஆகியிருந்தது! அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம்.

ஏழு பேரும் ஒரு தாளமும்

டாமர்ஸ் கவென்ட்ரியில் லான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்தவர். அங்கே அறிமுகமான ஹொரஸ் பான்டர் பேஸ் கிட்டார். ஜமைக்காவில் பிறந்த லின்வல் கோல்டிங் ஒரு கிட்டார், ராடி பையர்ஸ் இன்னொரு கிட்டார். ஊர்ப் பையன் டெர்ரி ஹால் பாட்டு. ஜான் பிராட்பரி டிரம்ஸ். சாமான் தூக்கும் உதவியாளாக வந்த நெவில் ஸ்டேப்பிள், ஒரு நாள் மைக்கைப் பிடித்துப் பாட்டுக்கு நடுவே ஜமைக்கா பாணியில் குரல் கொடுக்க, அவரும் குழுவில் ஒருவரானார். கீபோர்டில் டாமர்ஸ். பல பெயர்கள் மாறிக் கடைசியில் ‘த ஸ்பெஷல்ஸ்’.

இங்கே சங்கீதப் பிரச்சினை ஒன்று இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குழுவில் பாதிப் பேருக்கு பங்க் பிடிக்கும்: வேகம், சத்தம், கோபம். மீதிப் பேருக்கு ரெக்கே: நிதானம், இடைவெளி, ஆழமான பேஸ். ஆரம்பத்தில் ரெண்டையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றி வாசித்தார்கள். ஒட்டவில்லை. பங்க்குக்குக் குதித்தவன் ரெக்கே வந்ததும் நின்றுவிடுவான்.

டாமர்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். ரெக்கேவுக்கு அப்பன் ஒருத்தன் ஜமைக்காவில் இருந்தான்: ஸ்கா. 1950களின் கடைசியில் உருவாகி 60களின் முதல் பாதியில் கொடிகட்டிப் பறந்த இசை. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று கை தட்டிப் பாருங்க. ஸ்காவில் கிட்டார் அந்தத் தட்டில் விழாது. ரெண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் சுருக்கென்று விழும். உடம்பு தானாகத் துள்ளும். ரெக்கேவை விட வேகம், அதனால் பங்க்கின் கோபம் அதில் உட்கார்ந்துவிட்டது. ரெண்டு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு பழைய இடத்துக்குப் போனார்கள்.

அந்தப் பழைய இடத்திலிருந்து ஓர் ஆளையும் கூட்டிவந்தார்கள்: டிராம்போன் கலைஞர் ரிகோ ரொட்ரிகஸ். கிங்ஸ்டனின் ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் வாசிக்கக் கற்று, 1961இல் பிரிட்டன் வந்தவர். தன் மகன் வயதுப் பையன்களோடு மேடையேறினார்.

1978இல் இவர்கள் ‘த கிளாஷ்’ குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்வரிசைக் குழுவாகப் போனார்கள். பிராக்னெல் என்ற ஊரில், மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் கும்பல் மேடையேறிக் கலாட்டா செய்தது. இந்தப் பையன்களை இனவெறியர்களிடம் விட்டுவிடக் கூடாது, அவர்களுக்கும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று அன்றைக்கு டாமர்ஸ் முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்கின்ஹெட்கள் 60களில் ஜமைக்கா இசைக்கு ஆடியவர்கள்தானே!

பாதி ரெக்கார்டில் பிறந்த குழு

1979இல் ‘கேங்ஸ்டர்ஸ்’ என்ற முதல் பாட்டைச் சொந்தச் செலவில் பதிவு செய்தார்கள். காசு ஒரு பக்கத்துக்குத்தான் இருந்தது. மறுபக்கத்துக்கு, ஊர்க்காரரான நோயல் டேவிஸ் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த ஒரு வாத்திய இசையை எடுத்துப் போட்டு, ‘த செலக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ரெக்கார்டு ஹிட் ஆனது, பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடம். இப்போது மறுபக்கத்துக்கு ஒரு குழு வேண்டுமே? டேவிஸ் ஊரிலிருந்த ரெக்கே கலைஞர்களைச் சேர்த்து நிஜமாகவே ‘த செலக்டர்’ என்ற குழுவை உருவாக்கினார். ஏழு பேரில் ஆறு பேர் கறுப்பர்கள். பாடகி பாலின் பிளாக், அதுவரை கவென்ட்ரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு வெள்ளைக் குடும்பம் தத்தெடுத்து வளர்த்த பெண். மேடைக்காகத் தன் குடும்பப் பெயரை ‘பிளாக்’ என்று மாற்றிக்கொண்டார்.

‘டூ டோன்’ என்ற லேபிளைப் பெரிய கம்பெனியான கிரைசாலிஸ் ஏற்றுக்கொண்டது. டாமர்ஸ் வாங்கிய சலுகை வேடிக்கையானது: இதில் பாடும் குழு ஒரு பாட்டு கொடுத்துவிட்டு, வேண்டுமானால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். லண்டனின் ‘மேட்னெஸ்’ அப்படித்தான் ஒரு பாட்டோடு கிளம்பியது. பர்மிங்காமின் ‘த பீட்’ குழுவும் அப்படியே. கறுப்பு வெள்ளைக் கட்டமும், கறுப்பு சூட்டும் தொப்பியுமாக ஒரு மனித உருவமும் அடையாளச் சின்னம். அந்த உருவம் பீட்டர் டோஷின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது.

1979 நவம்பர் 8 அன்று பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஸ்பெஷல்ஸ், செலக்டர், மேட்னெஸ் மூன்றுமே ஒரே நாளில் வந்தன. மறுநாள் பள்ளிக்கூடங்களில் அதுதான் பேச்சு.

கட்டத்துக்குள் அடங்காதவை

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்லும் கதை. கறுப்பும் வெள்ளையும் கைகோத்தன, இசை வென்றது, சுபம். ஆனால் படித்தபோது என்னை உறுத்தியவை வேறு.

முதல் விஷயம், டாமர்ஸ் எதிர்பார்த்த மாதிரி ஸ்கின்ஹெட்கள் வந்தார்கள். ஆடினார்கள். சில ஊர்களில் ஆடிய காலோடு நாஜி வணக்கமும் வைத்தார்கள். ஒரு தாளத்துக்கு ஆடுவது வேறு, அந்தத் தாளம் எங்கிருந்து வந்ததென்று யோசிப்பது வேறு. 1980இல் லண்டனில் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வெளியே வந்த லின்வல் கோல்டிங்கை இனவெறிக் கும்பல் அடித்துப்போட்டது. இந்த இசையின் முகங்களில் ஒருவருக்கே இந்தக் கதி.

ரெண்டாவது, கவென்ட்ரி கறுப்பு வெள்ளை ஊர் மட்டுமில்லை. ஃபோல்ஸ்ஹில் பகுதியில் பஞ்சாபிக் குடும்பங்கள் ஏராளம். அந்தக் கட்டச் சின்னத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை. 1981 ஏப்ரலில், ஊர் நடுவே கடைத்தெருவில், பட்டப்பகலில் ஒரு பஞ்சாபி மாணவரை ஸ்கின்ஹெட்கள் கொன்றார்கள். டூ டோனின் சொந்த ஊரில்! ஜூன் 20 அன்று ஸ்பெஷல்ஸ் உள்ளூர் ஸ்டேடியத்தில் இனவெறிக்கு எதிராகக் கச்சேரி நடத்தியது. அதே நாளில் ஊருக்குள் ஊர்வலம் போகப்போவதாக நேஷனல் ஃப்ரண்ட் கட்சி அறிவித்திருந்தது. எனக்கு டூ டோன் கதையின் உச்சம் தொலைக்காட்சி இரவு இல்லை, இந்த நாள்தான். சின்னத்தில் விட்டுப்போனதை, நேரில் வந்து நின்று சரிசெய்யப் பார்த்த நாள்.

ஆளில்லாத ஊர்

அதே ஜூனில் வெளியானது ‘கோஸ்ட் டவுன்’. முந்தைய வருடச் சுற்றுப்பயணத்தில் டாமர்ஸ் பார்த்தவை அதில் இருக்கின்றன: லிவர்பூலில் மூடிக்கிடந்த கடைகள், கிளாஸ்கோவில் வீட்டுச் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்ற வயதான பெண்கள். பக்கத்து ஊரான லெமிங்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். துள்ளல் போய், ஊர்ந்து செல்லும் தாளம். நடுவில் ரிகோவின் டிராம்போன் யாரையோ தேடுவதுபோல் வரும்.

பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏப்ரலில் பிரிக்ஸ்டன் எரிந்தது. ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத், மான்செஸ்டரின் மாஸ் சைட், பிறகு ஊர் ஊராகக் கலவரம். சரியாக அந்த ஜூலையில் இந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. எரிந்த தெருக்களைச் செய்தியில் காட்டினார்கள். வானொலியைத் திருப்பினால் இந்தப் பாட்டு.

அதே சமயத்தில் குழு உடைந்தது. ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்குப் பாட வந்த இடத்தில், ஒப்பனை அறையிலேயே ஹால், கோல்டிங், ஸ்டேப்பிள் மூவரும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்கில் சேர்ந்து பயணம் செய்த களைப்பு, யார் சொல்வது நடக்க வேண்டும் என்ற சண்டை. வழக்கமான காரணங்கள்தான்.

அப்போ தோல்விதானா? நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டு இனவெறியை ஒழிக்கவில்லை, ஒழிக்கவும் முடியாது. ஆனால் ஒரே ஃபேக்டரி, ஒரே இளைஞர் மையம், ஒரே வேலையில்லாதோர் வரிசை என்று சேர்ந்தே வளர்ந்தவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையை ஒரே மேடையில் பார்க்கக் கிடைத்தது. அதற்கு முன்னால் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அது அபூர்வம்.

டாமர்ஸ் அதோடு நிற்கவும் இல்லை. 1984இல் மண்டேலாவின் விடுதலையைக் கேட்டு அவர் எழுதிய பாட்டு பிரிட்டனில் ஒன்பதாம் இடம் பிடித்தது. மண்டேலா பெயரையே கேள்விப்படாத பல இளைஞர்களுக்கு அதுதான் அறிமுகம். 2014இல் தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு விருது கொடுத்தது. மற்றவர்கள் அவர் இல்லாமலேயே பின்னாளில் ஒன்றுசேர்ந்தார்கள். 2019இல் அவர்கள் ஆல்பம் முதலிடம் பிடித்தது. டெர்ரி ஹால் 2022 டிசம்பரில் காலமானார். அந்த லொகார்னோ கட்டடம் இன்றைக்குக் கவென்ட்ரியின் மத்திய நூலகம்.

கேட்க நினைப்பவர்கள் ‘கேங்ஸ்டர்ஸ்’, செலக்டரின் ‘ஆன் மை ரேடியோ’, பிறகு ‘கோஸ்ட் டவுன்’ என்ற வரிசையில் கேளுங்கள். கடைசி ரெக்கார்டின் மறுபக்கத்தை விட்டுவிட வேண்டாம். அங்கே ‘வொய்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. தன்னை அடித்துப்போட்டவர்களைப் பார்த்து, ஏன் அடித்தீர்கள் என்று லின்வல் கோல்டிங் கேட்பது. எல்லோரும் முதல் பக்கத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு மறுபக்கம்தான் இன்னும் காதில் நிற்கிறது.