தீ வைத்தவர்களே காவல் நின்ற கதை

கடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பின் பின்புறத் தோப்பைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பிள்ளைகள் கிளையை ஒடிக்கிறார்கள், குப்பை சேர்கிறது, ஆகவே வேலி போட்டுப் பூட்டிவிடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. மரம் எல்லாருக்கும்தானே என்று மறு தரப்பு கேட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இமயமலைச் சரிவில் இதே கேள்வி எழுந்த வரலாற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இடம் குமாவோன். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அங்கே காடில்லாமல் விவசாயம் இல்லை. மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, வயலுக்கு இலையுரம், வீட்டுக்கு மரம் என எல்லாமே காட்டிலிருந்து வந்தன. 1823இல் ஆங்கிலேய ஆணையர் டிரெயில் கிராம எல்லைகளை வரையறுத்தார். அந்த எல்லைக்குள் இருந்த காட்டைத் தங்கள் ஊருடையதாகவே மக்கள் கருதி வந்தார்கள்.

ரயில் பாதைக்குக் கட்டைகளும், பைன் மரப் பிசினும் தேவைப்பட்டபோது நிலைமை மாறியது. 1911 முதல் 1917 வரை பெரும் பரப்பு ‘காப்புக்காடு’ ஆக்கப்பட்டது. மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. புதுப்புல் முளைக்க வேண்டும் என்று தரைச் சருகை எரிக்கும் பழைய வழக்கமும் தடைசெய்யப்பட்டது. நேற்றுவரை தாய்வீடு போல நுழைந்த இடத்தில், இன்று அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

அதிகாரிகளின் மூட்டைகளைக் கூலியின்றிச் சுமக்கும் கட்டாய வேலையால் மக்கள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார்கள். 1921 ஜனவரியில் பாகேஸ்வர் திருவிழாவில் கூடியவர்கள், அந்த வேலைக்கான பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். அந்தக் கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. பல தீக்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. ஆனால் கவனியுங்கள்: எரிந்தவை பெரும்பாலும் அரசு விரும்பி வளர்த்த பைன் காடுகள். ஊராருக்குத் தழை தந்த ஓக் முதலான அகன்ற இலைக் காடுகள் பெரும்பாலும் தப்பின என்று வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹா எடுத்துக்காட்டுகிறார். மக்களுக்குக் காட்டின் மீது கோபமில்லை. காடு தங்களுக்கு அந்நியமானதுதான் கோபம்.

அரசு ஒரு குறைகேட்புக் குழுவை அமைத்தது. அது ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது. அதன் பரிந்துரைப்படி, வணிக மதிப்புக் குறைந்த காடுகள் வனத்துறையிடமிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பிறகு 1931இல் ‘வன பஞ்சாயத்து’ விதிகள் வந்தன. ஊரார் தங்களுக்குள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட காட்டைத் தாங்களே நிர்வகிக்கலாம் என்பதே அவற்றின் சாரம்.

வன பஞ்சாயத்து எப்படி நடந்தது என்று படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். அப்படியே நம் சங்கம்தான்! தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, அதற்கு ஒரு தலைவர், கூட்டக் குறிப்பேடு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல், அந்தப் பணத்தில் ஒரு காவலாளி. தழையும் புல்லும் எந்த நாட்களில் வெட்டலாம், வீட்டுக்கு எத்தனை கட்டு என்பதற்கு விதி. மீறினால் அபராதம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அபராதம் கேட்பது அங்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் தீ வைத்த தலைமுறையின் ஊர்களே காவலுக்கு ஆள் போட்டன. இன்று உத்தராகண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. காட்டுக்குத் தினமும் போனவர்கள் பெண்கள். குழுவில் உட்கார்ந்தவர்களோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்கள். 1976, 2001, 2005 ஆகிய ஆண்டுகளில் விதிகள் மாறியபோது அதிகாரிகளின் பிடி இறுகியது என்ற விமர்சனமும் உண்டு. பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால், ஊராருக்கு ஆர்வம் குறைவது இயல்புதானே.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, பயன்படுத்தும் உரிமை இருக்கிறவருக்கே காக்கும் அக்கறையும் வருகிறது. இரண்டு, உரிமை மட்டும் போதாது. விதி, வசூல், காவல் மூன்றும் வேண்டும். அந்த விதியை எழுதும்போது, தோப்பை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

நம் தோப்பில் அதிக நேரம் இருப்பவர்கள் பிள்ளைகளும், மாலையில் நடக்க வரும் பெரியவர்களும். அடுத்த பொதுக்குழுவில் பூட்டைப் பற்றி வாக்கெடுக்கும் முன், அவர்களை முதலில் பேசவிடலாம் என்பது என் வேண்டுகோள். கிளையை ஒடிக்கும் பையனிடமே தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்போமே.