தஞ்சைத் தளிச்சேரிப் பெண்டுகள்

பண்டைக்காலத்து மாதர்க்குத் தந்தையையோ கணவனையோ சார்ந்தன்றித் தனியுரிமை இலதென்பார் பலர். அன்னோர் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டொன்றை நோக்குதல் வேண்டும்.

முதலாம் இராசராச சோழதேவர் தமது 29ஆம் ஆட்சியாண்டளவில் (கி.பி. 1014), சோழநாட்டுப் பிற தளிகளினின்றுங் கொணர்ந்து தளிச்சேரியிற் குடியேற்றிய 400 பெண்டுகளின் பெயரும், முன்னிருந்த தளியும், தெருச்சிறகும், வீட்டு வரிசையும் அதன்கண் பொறிக்கப்பெற்றுள. தந்தை பெயர் நிற்றற்குரிய இடத்து நிற்பது சிவபிரான் திருநாமமாகிய ‘நக்கன்’ என்பதே. ஒருவர்க்குப் பங்கு ஒன்று. அஃது ஆண்டுக்கு 100 கல நெல். இறந்தாரது பங்கை அணுக்கராகிய உறவினர் பெற்றுப் பணிசெய்க என்பதும், அவர் தகுதியிலராயின் தக்காரைத் தேர்க என்பதும் ஆணை. ஆகலின் இது பணியோடு பிணைந்த உரிமையே. நட்டுவர்க்கு இருபங்கு அளித்தமையும் மறைத்தற்பாலதன்று.

தேவரடியார் என்னும் பெயர் பிற்காலத்தில் வசையாயிற்று. அந்நிலையை எதிர்த்து இக்காவிரிநாட்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போராடினார். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை விலக்கிற்று. அது தக்கதே. எனினும் அவ்வசையை அந்நானூற்றுவர்மீதும் ஏற்றி, அவர் பெயரைச் சொல்லவும் நாணும் சைவர் இன்றும் உளர். மடத்திற் பயின்ற நாளில் அக்கல்வெட்டைப் படியாது கடந்தாருள் யாமும் ஒருவேம்.