தவக்காலத்தில் தொடங்கிய நட்பு: தில்லி, 1904

சி.எஃப். ஆண்ட்ரூஸ் தம் ‘இந்தியப் பிறந்தநாள்’ எனக் கருதியது 1904 மார்ச் 20. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 3 அன்று வந்தது. எனவே அவரது இந்திய வாழ்வு தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. இது தற்செயலே. எனினும் அவரது தில்லி ஆண்டுகளை நோன்பின் பொருளோடு இணைத்து வாசிக்க அது இடமளிக்கிறது.

தவக்கால நோன்பு பொதுவாக உணவையும் வசதியையும் குறைத்துக்கொள்வதாகவே அறியப்படுகிறது. ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரமோ, நுகத்தை அகற்றுவதையும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதையும் இறைவன் விரும்பும் நோன்பாகக் காட்டுகிறது. காலனிய இந்தியாவில் அத்தகைய நுகம் திருச்சபைக்குள்ளேயும் இருந்தது. மிஷன் கல்லூரிகளில் இந்தியக் கிறித்தவர் ஆசிரியராகலாம். ஆங்கிலேயருக்கு மேலான பொறுப்பை அவர் ஏற்பது அரிது.

கேம்பிரிட்ஜ் மிஷன் 1881இல் தில்லியில் நிறுவிய புனித ஸ்டீபன் கல்லூரியிலும் இக்கேள்வி 1906இல் எழுந்தது. முதல்வர் பதவிக்கு ஆண்ட்ரூஸின் பெயர் பேசப்பட்டது. அவர் வந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. வங்காளக் கிறித்தவரான சுசீல் குமார் ருத்ராவோ 1886 முதல் அங்கே கற்பித்து வந்தவர். ருத்ராவே முதல்வராக வேண்டும் என்பதில் ஆண்ட்ரூஸ் உறுதியாக நின்றார். ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1923 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே பணியாற்றினார். உணவைத் துறப்பதினும் அரிய துறவு இது.

இம்முடிவின் வேர் கொள்கையில் மட்டும் இல்லை. அன்றாடப் பழக்கத்திலும் இருந்தது. ருத்ரா மனைவியை இழந்தவர். தாயில்லாப் பிள்ளைகளோடு அவர் வாழ்ந்த இல்லத்தில் ஆண்ட்ரூஸும் ஒருவரானார். இந்தியா தமக்கு அயல்நாடாகத் தோன்றாமைக்கு அந்நட்பே காரணம் என அவர் பின்னர் எழுதினார். பழைய தில்லியின் முதிய அறிஞர் முன்ஷி சகாவுல்லாவையும் அவர் அடிக்கடி சென்று கண்டார். 1910இல் மறைந்த அப்பெரியவரின் இறைப்பற்றையும் கனிவையும் 1929இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். தாம் போதிக்க வந்த இறையன்பை, பிறர் வீட்டு விருந்தோம்பலில் அவர் முன்னதாகவே கண்டுகொண்டார்.

அந்த அன்றாடம் அரசியலுக்குப் புறம்பானதன்று. 1915இல் தில்லிக்கு வந்த காந்தி, காஷ்மீரி கேட் பகுதியில் ருத்ராவின் இல்லத்தில் தங்கினார். கிலாபத் கோரிக்கை குறித்து வைசிராய்க்கு அவர் விடுத்த திறந்த மடல் உருவானதும் அக்கூரையின் கீழேதான். தம்மால் கல்லூரிக்கு இடர் நேருமோ எனக் காந்தி தயங்கியபோதும் ருத்ரா கதவைச் சாத்தவில்லை. 1925இல் அவர் மறைந்தபோது காந்தி எழுதிய அஞ்சலியே இதற்குச் சான்று.

தவக்கால வரலாற்றை ஆலயப் பதிவேடுகளில் மட்டும் தேடுவோர் இவ்வீட்டைக் காணத் தவறுவர்.